ரோஸ்மேரி: மணமகளின் தலையிலும் சவப்பெட்டியின் மேலும் இருந்த செடி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோத்தகிரியில் வாங்கி வந்த ரோஸ்மேரிச் செடி ஒன்று ஆறு வருடமாக எங்கள் மொட்டைமாடியில் இருக்கிறது. மாடிக்கு வருகிற யாரும் ஒரு இலையைக் கிள்ளி முகராமல் இறங்கியதில்லை. முன்பெல்லாம் "இது என்ன செடி?" என்று கேட்பார்கள். இப்போது "முடி வளருமாமே?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இரண்டாயிரம் வருடக் கதை இருக்கிறது. பலமுறை வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழில் இதற்கு என்ன பெயர்? மருக்கொழுந்துதானே?

மருக்கொழுந்து இல்லை. அது செவ்வந்திக் குடும்பத்துச் செடி. இலையும் வேறு, வாசனையும் வேறு. ரோஸ்மேரி நம் மண்ணுக்குப் பிந்தி வந்தது, அதனால் பழைய தமிழ்ப் பெயர் கிடையாது. ரோஸ்மேரி என்றே சொல்லுங்கள், தவறில்லை.

ஆனால் இதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். துளசி, புதினா, கற்பூரவல்லி, தும்பை எல்லாம் இதே குடும்பம். நம்பாவிட்டால் இளந்தண்டு ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். வழுக்கி உருளாது, நான்கு பக்கமும் விளிம்பு தட்டும். துளசித் தண்டும் அப்படித்தான் தட்டும்.

பெயரில் ரோஜாவும் மேரியும் எப்படி வந்தார்கள்?

இருவருமே பிறகு வந்தவர்கள். லத்தீனில் "ரோஸ்" என்றால் பனித்துளி, "மரினுஸ்" என்றால் கடலுக்குரியது. கடற்பனி என்று வைத்துக்கொள்ளலாம். மத்தியதரைக் கடலோரப் பாறைகளில் கடற்காற்றை நம்பி வளர்கிற செடிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலத்துக்குப் போனபோது கடற்பனி ரோஜாவாகவும் மேரியாகவும் காதில் விழுந்தது. அப்படி விழுந்த பெயருக்கு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது. ஏரோது மன்னனுக்குப் பயந்து குழந்தை இயேசுவோடு எகிப்துக்குத் தப்பிப் போகும் வழியில், மரியாள் தன் நீல மேலாடையை ஒரு புதரின் மேல் விரித்துப் போட்டாராம். அதுவரை வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்த புதர் அன்றிலிருந்து நீலமாகப் பூக்கத் தொடங்கியதாம். பெயரில் இருந்து முளைத்த கதை என்று தெரிந்தாலும் எனக்கு இது பிடிக்கும். பூவைக் கிட்டத்தில் பார்த்தால், துவைத்துத் துவைத்து வெளுத்த நீலச்சேலையின் நிறம்தான் அது.

மற்ற மொழிகள் வேறு வேறு குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்தன. அரபியில் "இக்லீல் அல் ஜபல்", மலையின் கிரீடம். போர்ச்சுக்கீசியரின் "அலெக்ரிம்" என்ற சொல்லும் அந்த அரபி வழியாக வந்ததுதான். பழைய கிரேக்கர்கள் "லிபனோத்திஸ்" என்று அழைத்தார்கள். குந்திரிக்கத்துக்கு அவர்கள் வைத்திருந்த சொல்லில் இருந்து பிறந்த பெயர் அது. இலையைக் கசக்கி முகர்ந்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

எந்த ஊர்ச் செடி இது?

ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி, குரோவேசியா, கிரீஸ், கடலுக்கு எதிர்க்கரையில் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா. சுண்ணாம்புக் கல் நிறைந்த வறண்ட சரிவுகளில் தானாக முளைத்துக் கிடக்கும். கோடையில் மாதக் கணக்கில் மழை இராது. மண்ணும் நாலு விரல் ஆழம்தான் இருக்கும்.

அந்த இடத்தில் எப்படிப் பிழைக்கிறது என்பதை ஒரே இலையில் பார்த்துவிடலாம். மேல்பக்கம் தோல் போலத் தடித்து, மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். இரண்டு ஓரமும் அடிப்பக்கமாக மடிந்திருக்கும். நகத்தால் அந்த மடிப்பை விலக்கினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற மயிர். இலை மூச்சு விடும் துளைகள் அந்தப் பஞ்சுக்குள் ஒளிந்திருக்கின்றன, ஈரம் எளிதில் வெளியே போகாது. எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கேயே இருக்கின்றன. தொட்டாலே கையில் மணம் ஒட்டுவது அவற்றால்தான்.

ரோஸ்மேரியின் அறிவியல் பெயர் மாறிவிட்டது என்கிறார்களே?

ஆமாம். 1753ல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் ரோஸ்மரைனஸ் அஃபிசினாலிஸ். சால்வியா இனத்தோடு (சேஜ் என்ற மூலிகையின் இனம்) இதற்கு இருக்கும் நெருக்கம் மரபணு ஆய்வில் உறுதியானதும், 2017ல் சால்வியா ரோஸ்மரைனஸ் என்ற பெயரை ஏற்கச் சொன்னார்கள். சால்வியாக்களைப் போலவே இதன் பூவிலும் மகரந்தக் காம்புகள் இரண்டுதான். பழைய பெயரில் வரும் "அஃபிசினாலிஸ்" என்ற அடைமொழி, மருந்துக்கடையில் வைத்து விற்ற மூலிகை என்பதைக் காட்டும். அந்தப் பெயர் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கிரேக்கர்களும் ரோமானியர்களும் இதை என்ன செய்தார்கள்?

முதலில் சாமிக்கு வைத்தார்கள். குந்திரிக்கம் அரேபியாவில் இருந்து கடலும் பாலைவனமும் தாண்டி வரவேண்டிய விலை உயர்ந்த சரக்கு. ரோஸ்மேரி வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. ஏழை வீட்டுப் பூசைக்கு அதுவே போதுமானதாயிற்று. ரோமக் கவிஞர் ஹொரேஸின் ஒரு பாடலில் ஃபிடிலே என்ற கிராமத்துப் பெண் வருகிறாள். நீ பெரிய பலியெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை, உன் வீட்டுச் சின்னத் தெய்வங்களுக்கு ரோஸ்மேரியும் மிர்ட்டில் என்ற மணச்செடியும் சூட்டினாலே போதும் என்று அவளுக்குச் சொல்கிறார். வாசல் செடியில் துளசி கிள்ளிச் சாமி படத்துக்கு வைத்து வளர்ந்தவர்களுக்கு ஃபிடிலேயை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

பிறகு மருந்தாயிற்று. முதல் நூற்றாண்டில் மூலிகைகளைத் தொகுத்து எழுதிய டயோஸ்கோரிடீஸ், உடலுக்குச் சூடு தரும் செடி என்று இதைக் குறித்து வைத்தார். அதே காலத்து ரோமானியரான பிளினியும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கிரேக்க மாணவர்கள் படிக்கும்போது தலையில் ரோஸ்மேரி சூடிக்கொண்டார்கள் என்று மூலிகைப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. செவிவழி வந்த செய்தியாகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலோரச் செடி குளிர்நாடான இங்கிலாந்துக்கு எப்படிப் போனது?

தோட்டம் தோட்டமாக நகர்ந்து போனது. கி.பி. 800 வாக்கில் சார்லமேன் பேரரசரின் பண்ணைகளில் என்னென்ன செடி வளர்க்க வேண்டும் என்று ஓர் ஆணைப் பட்டியல் போட்டார்கள். அதில் ரோஸ்மேரி உண்டு. இங்கிலாந்தில் இது வேரூன்றிய கதை 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் எட்வர்டின் ராணி பிலிப்பாவோடு தொடங்குகிறது. பிலிப்பாவின் தாய் கடல் கடந்து மகளுக்குச் செடியை அனுப்பிவைத்தார் என்பது பழைய செய்தி. அக்காலத்துத் துறவியும் தோட்டக்காரருமான ஹென்றி டேனியல் இதற்கென்றே தனி நூல் எழுதினார்.

கட்டிக் கொடுத்த மகளுக்குத் தாய் ஒரு செடியை அனுப்புகிறாள். வரலாறு என்றாலும் கதை என்றாலும், கறிவேப்பிலைக் கன்றைத் துணியில் சுற்றி மகளிடம் கொடுத்துவிடும் தாய்மாரை நாம் பேருந்து நிலையத்தில் பார்த்ததில்லையா? முந்நூறு வருடத்துக்குள் செடி அரண்மனைச் சுவர் ஏறிவிட்டது. 1598ல் இங்கிலாந்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் சுவரை மூடும்படி ரோஸ்மேரியை ஆணியடித்துப் படரவிட்டிருந்ததைப் பார்த்து எழுதினார்.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே செடியையா வைத்தார்கள்?

ஆமாம். இந்தச் செடியின் கதையில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது இதுதான்.

1540 ஜனவரி 6ஆம் தேதி, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் நான்காவது மனைவியாகக் கிளீவ்ஸ் நாட்டு ஆன் மணமேடைக்கு வந்தபோது, அவருடைய பொற்கிரீடத்தில் பெரிய கற்களோடு ரோஸ்மேரிக் கிளைகளும் செருகியிருந்தன என்று அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. சாதாரண வீட்டுக் கல்யாணங்களிலும் இது இருந்தது. வந்தவர்களுக்கு ரோஸ்மேரிக் கிளை கொடுப்பார்கள். வசதி உள்ளவர்கள் கிளைக்குப் பொன்முலாம் பூசி, பட்டு நாடா கட்டிக் கொடுப்பார்கள்.

அதே ஊரில், அதே மக்கள், சவ ஊர்வலத்திலும் ஆளுக்கொரு கிளையைக் கையில் பிடித்துப் போனார்கள். சவப்பெட்டி குழிக்குள் இறங்கியதும் மண் தள்ளுவதற்கு முன்னால் கிளைகளை அதன்மேல் போட்டார்கள். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் இரண்டும் ஒரே காட்சியில் மோதுகின்றன. கல்யாணக் காலையில் ஜூலியட் இறந்து கிடப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். அழுகையை நிறுத்திவிட்டு உங்கள் ரோஸ்மேரியை இந்த உடல்மேல் வையுங்கள் என்கிறார் பாதிரியார். கல்யாணத்துக்காக வந்த கிளை சாவுக்குப் போகிறது. ஓவியர் ஹோகார்த் 1732ல் வெளியிட்ட சித்திர வரிசை ஒன்றின் கடைசிப் படத்திலும் சவப்பெட்டியைச் சுற்றிக் கூடியவர்களுக்காக ரோஸ்மேரிக் கிளைகள் எடுத்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ராபர்ட் ஹெரிக் என்ற கவிஞர் 1648ல் இரண்டே அடியில் முடித்தார்: இந்தக் கிளை என் மணத்துக்கா அடக்கத்துக்கா, எதற்கு வளர்ந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

ஏன் இந்தச் செடி? வெட்டிய கிளை சீக்கிரம் வாடாது. பனிக்காலத்திலும் பச்சை மாறாது. ஊரில் வேறு பூ கிடைக்காத மாதங்களிலும் இது இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ந்த பிறகும் மணம் போகாது. புதுப்பெண் பெட்டியில் எடுத்து வைத்த கிளையைப் பத்து வருடம் கழித்து எடுத்து நசுக்கினாலும் கொஞ்சம் வாசனை மிஞ்சியிருக்கும். மறக்கமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வேறு பொருள் தேவைப்படவில்லை. கல்யாணத்தில் ஒருவருக்கொருவர் சொல்வதும் கல்லறையில் நிற்பவர் போனவருக்குச் சொல்வதும் அந்த ஒரே வார்த்தைதானே.

அப்படியென்றால் நினைவாற்றலோடு இதைச் சேர்த்துப் பேசுவது அதனால்தானா?

பெரும்பாலும் அதனால்தான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் மனம் பேதலித்த ஒஃபீலியா ஆளுக்கொரு பூவாகக் கொடுக்கும்போது, ரோஸ்மேரியை நினைவுக்கு என்று சொல்லிக் கொடுக்கிறாள். பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது, அவர்கள் எல்லோருமே ஏதோவொரு கல்லறையில் அந்தக் கிளையைப் போட்டு வந்தவர்கள்.

அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் ஆஸ்திரேலியா. 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலியில் கரையிறங்கின. எட்டு மாதப் போரில் ஆஸ்திரேலியர்கள் மட்டும் 8,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த மலைச்சரிவுகளில் ரோஸ்மேரி காட்டுச்செடி. பதுங்குகுழி தோண்டியவர்களின் காலில் மிதிபட்டு மணந்தது அதுதான். காயம்பட்டுத் திரும்பிய வீரர் ஒருவர் அங்கிருந்து கொண்டுவந்த செடி அடிலெய்டில் ராணுவ மருத்துவமனையில் நடப்பட்டது. அதில் இருந்து கிளை ஒடித்து நட்ட செடிகள் பல ஊர்களுக்குப் போயின. இன்றும் ஏப்ரல் 25 அன்று விடியற்கால அஞ்சலிக்கு வருகிறவர்கள் சட்டையில் ஒரு சிறு கிளையைக் குத்தியிருப்பார்கள். சிட்னி, மெல்பர்ன் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் இருந்து ஒரு பச்சைக் குச்சியோடு வீடு வந்தால், அதன் பொருள் இது.

முகர்ந்தால் நிஜமாகவே ஞாபகம் கூடுமா?

2003ல் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் 144 பேரை வைத்துப் பார்த்தார்கள். ரோஸ்மேரி மணத்தில் உட்கார்ந்தவர்கள் நினைவுத் தேர்வில் மணமில்லாத அறையில் இருந்தவர்களைவிடத் தரமாகச் செய்தார்கள், ஆனால் நினைவுக்குக் கொண்டுவரும் வேகம் குறைந்தது. இந்த இரண்டாவது பாதியை விளம்பரங்கள் சொல்வதில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் மேசையில் ஒரு கிளை வைப்பதில் தப்பில்லை, தூக்கத்துக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

கொள்ளைநோய்க் காலத்தில் இதற்குத் தங்க விலை இருந்ததாமே?

கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று அன்றைய ஐரோப்பா நம்பியது. நல்ல மணம் மூக்கில் இருந்தால் கெட்ட காற்று உள்ளே வராது என்பது கணக்கு. அதனால் கைத்தடிக் குமிழிலும் கழுத்துப் பையிலும் ரோஸ்மேரியை அடைத்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். 1603ல் லண்டனைப் பிளேக் தாக்கிய வருடத்தைப் பற்றி எழுதிய தாமஸ் டெக்கர், கைகொள்ளாத கட்டு 12 பென்சுக்கு விற்ற ரோஸ்மேரி, ஒரு பிடி ஆறு ஷில்லிங்குக்குப் போயிற்று என்கிறார். ஒரு ஷில்லிங் 12 பென்ஸ். கட்டுக்குக் கொடுத்த காசைப்போல் ஆறு மடங்கு ஒரு பிடிக்கு. சாவு வீடுகளும் கூடி, பயமும் கூடியபோது இரண்டு தேவைக்கும் செடி ஒன்றே இருந்தது. 2020ல் முகக்கவசமும் கிருமிநாசினியும் என்ன விலைக்குப் போயின என்று நினைத்துப் பாருங்கள்.

பிளேக்கைப் பரப்பியது காற்று அல்ல, எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் என்று தெரிய இன்னும் மூன்று நூற்றாண்டு ஆனது.

ஹங்கேரி ராணித் தைலம் என்பது என்ன?

பூவும் இலையுமாக ரோஸ்மேரியைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்த வாசனை நீர். ஐரோப்பாவில் சாராயத்தை அடிப்படையாக வைத்துச் செய்த முதல் வாசனை நீர்களில் ஒன்று. குடித்தார்கள், தேய்த்தார்கள், முகம் கழுவினார்கள்.

கதை இது: 72 வயதில் கைகால் முடங்கிக் கிடந்த ஹங்கேரி ராணி எலிசபெத்துக்கு 1370 வாக்கில் ஒரு துறவி இந்த முறையைக் கொடுத்தாராம். ராணி எழுந்து நடந்தாராம். அழகு திரும்பி, போலந்து மன்னரே பெண் கேட்டு வந்தாராம். வழக்கமாகச் சுட்டப்படும் எலிசபெத் 1305ல் பிறந்தவர், அதனால் வயதுக் கணக்கே பொருந்தவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், 1370 நவம்பர் வரை போலந்தை ஆண்டவர் அந்த எலிசபெத்தின் உடன்பிறந்த தம்பி கசிமிர், அவருக்குப் பிறகு அரியணை ஏறியவர் எலிசபெத்தின் சொந்த மகன் லூயிஸ். பெண் கேட்க யாரும் மிச்சமில்லை. கதை 17ஆம் நூற்றாண்டில்தான் புத்தகங்களில் பரவியது, விற்பனைக்கு உதவியது.

ஆனால் சரக்கு உண்மையானது. பிரான்சில் கடிதங்களுக்குப் பேர்போன 17ஆம் நூற்றாண்டுச் சீமாட்டி மதாம் தெ செவினியே தன் மகளுக்கு எழுதிய கடிதங்களில் இதைப் போற்றுகிறார், எப்போதும் பையில் வைத்திருந்ததாகச் சொல்கிறார். 1709ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் கடை திறந்து, எலுமிச்சை, ஆரஞ்சு மணங்களோடு புதுவகை வாசனை நீரைப் புகழாக்கியதும் ராணித் தைலத்தின் காலம் முடியத் தொடங்கியது. அந்தக் கொலோன் நீரின் வழக்கமான செய்முறைகளிலும் ரோஸ்மேரித் தைலம் உண்டு. காய்ச்சலில் கிடந்த குழந்தையின் நெற்றியில் ஓடிகொலோன் நனைத்த துணியைப் போட்ட யாழ்ப்பாண, சென்னை வீடுகளுக்குள் ரோஸ்மேரி அப்படித்தான் பெயர் சொல்லாமல் நுழைந்திருக்கிறது.

வேறென்ன நம்பிக்கைகள் உண்டு?

நிறைய. 1525ல் லண்டனில் ரிச்சர்ட் பாங்க்ஸ் அச்சிட்ட மூலிகை நூல் ரோஸ்மேரிக்கு நீண்ட பகுதி ஒதுக்குகிறது. இலையைப் படுக்கைக்கு அடியில் வைத்தால் கெட்ட கனவு வராது. கட்டையில் ஒரு பெட்டி செய்து முகர்ந்துவந்தால் இளமை நிற்கும். இலையை வெள்ளை ஒயினில் கொதிக்கவைத்து முகம் கழுவலாம். நம் பாட்டிமார் வேப்பிலையை வைத்துச் செய்ததை அங்கே இதை வைத்துச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிசிலித் தீவில் இளம் தேவதைகள் பாம்பு உருவில் ரோஸ்மேரிப் புதரில் படுத்திருக்கும் என்பார்கள். தாழம்புதரில் நாகம் இருக்கும் என்று நம்மூரில் சொல்வது ஞாபகம் வருகிறது. மணம் மிகுந்த புதரைத் தனியாக விட்டுவைக்க இரண்டு ஊரும் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. இயேசு வாழ்ந்த 33 வருடம் வரைதான் செடி உயரும், அதன்பிறகு அகலம்தான் கூடும் என்பது கிறிஸ்தவ நாடுகளின் நம்பிக்கை.

இங்கிலாந்துக் கிராமங்களில் இன்னொன்று சொன்னார்கள்: ரோஸ்மேரி செழிக்கிற வீட்டில் பெண் ஆட்சி. வாசலில் செடி நன்றாக இருந்தால் அக்கம்பக்கம் பேசும் என்று பயந்த ஆண்கள் இரவில் வேரைச் சேதப்படுத்தினார்கள் என்பதும் கதையில் சேர்த்தி. செடிக்காக நான் வருந்துகிறேன்.

ஸ்பெயினில் இது இன்றும் தெருவில் கிடைக்கும் நம்பிக்கை. ரோமேரோ என்று பெயர். திருவிழா ஊர்வலப் பாதைகளில் பரப்பிவிடுவார்கள், நடக்க நடக்க மணக்கும். கிரானடா பேராலயத்தைச் சுற்றி ஜிப்சிப் பெண்கள் ஒரு கிளையை நீட்டிக் கைரேகை பார்ப்பார்கள். வாங்கினால் காசு கேட்பார்கள், தெரிந்து வாங்குங்கள். ரோமேரோவின் குணங்களைச் சொன்னால் ஒரு முழுப் புத்தகம் எழுதலாம் என்பது அந்த நாட்டுப் பழமொழி.

சமையலில் எங்கே பயன்படுகிறது?

ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ரொட்டி மூன்றோடும் சேரும். எனக்குப் பிடித்த உதாரணம் ஃபிளாரன்ஸ் நகரத்து "பான் தி ரமெரினோ". உலர்திராட்சையும் ரோஸ்மேரி ஊறிய ஆலிவ் எண்ணெயும் சேர்த்த சின்ன பன். மேலே சிலுவை போலக் கீறி, சர்க்கரைப் பாகு தடவிப் பளபளவென்று இருக்கும். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு உரிய பலகாரம் அது. இனிப்புக்குள் கற்பூரம் போன்ற இந்த மணம் பொருந்துமா என்று தோன்றும். பச்சைக்கற்பூரம் போட்ட சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடும் நமக்கு அந்தச் சந்தேகம் வரக்கூடாது.

இறைச்சியோடு சேர்த்ததற்கு மணம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இதில் உள்ள கார்னோசிக் அமிலம் கொழுப்பு சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். ஐரோப்பாவில் விற்கும் பல உணவுப் பொட்டலங்களில் ஈ392 என்ற எண்ணைப் பார்த்தால் அது ரோஸ்மேரிச் சாறுதான். பிரான்சின் நார்போன் பகுதித் தேனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இந்தப் பூவே.

வீட்டில் செய்தால், கறிவேப்பிலை போல் கொதிக்கும் எண்ணெயில் வீசாதீர்கள், கருகிக் கசக்கும். மிதமான சூட்டில் எண்ணெயோடு சேர்த்தே சூடாக்கி, குச்சியை எடுத்துவிட்டு உருளைக்கிழங்கைப் போடுங்கள்.

முடி வளருமா?

ஐரோப்பியப் பெண்கள், குறிப்பாகக் கருங்கூந்தல் உள்ளவர்கள், கொதிக்கவைத்த ரோஸ்மேரி நீரில் தலை அலசுவது பழைய வழக்கம். இப்போதைய பரபரப்புக்கு அடிப்படை 2015ல் வெளியான ஈரானிய ஆய்வு. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் பாதிப்பேருக்கு ரோஸ்மேரித் தைலம், பாதிப்பேருக்கு முடி வளரப் பூசும் மருந்தான 2% மினாக்சிடில். மூன்று மாதத்தில் இரண்டு குழுவிலும் மாற்றம் தெரியவில்லை. ஆறு மாதத்தில் இரண்டிலும் முடி எண்ணிக்கை ஏறியிருந்தது, ஏறக்குறைய சமமாக. எதுவுமே பூசாத மூன்றாவது குழு அதில் இல்லை. பூசியது தைலம், கொதிக்கவைத்த நீர் அல்ல.

ஆகவே என் பதில்: ஆறு மாதம் பொறுமை இருந்தால் தேங்காய் எண்ணெயில் சில துளி தைலம் கலந்து பாருங்கள். இரண்டே வாரத்தில் வளரும் என்று சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள். கொத்துக் கொத்தாகக் கொட்டினால் முதலில் ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பாருங்கள்.

தைலத்தை அப்படியே தடவலாமா? குடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். தைலத்தில் கற்பூரமும், யூகலிப்டஸ் தைலத்திலும் உள்ள சினியோல் என்ற பொருளும் அடர்த்தியாக இருக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் தைலத்தின் பக்கமே போகவேண்டாம். சமையலில் போடும் ஒரு குச்சி வேறு விஷயம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஸ்பெயினில் சாராயத்தில் ரோஸ்மேரி ஊறவைத்து வலிக்கும் காலில் தேய்ப்பார்கள், அதுவும் வெளிப்பூச்சு மட்டுமே.

தமிழ்நாட்டில் விளைகிறதா?

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் விளைகிறது. உதகையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இதற்கென ஒரு ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. ஊட்டிக் கடைத்தெருவில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மேரித் தைலப் புட்டியும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சமவெளியில் தொட்டியில் வைத்தால் செத்துப்போகிறதே?

தண்ணீர்தான் காரணம். இரண்டு செடியை நானே அப்படி இழந்தேன். வேர் அழுகிய பிறகும் இலை பல நாள் பச்சையாகவே நிற்கும். நுனி கறுத்து நாம் பார்க்கும்போது செடி போய் வாரக்கணக்காகியிருக்கும். இப்போதைய செடியை மண் தொட்டியில், செம்மண்ணுக்குச் சமமாக ஆற்றுமணல் கலந்து வைத்திருக்கிறேன். விரலை இரண்டு கணு அளவு உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர். மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுவேன். காலை வெயில் முழுக்க வேண்டும். விதையை நம்பவேண்டாம், பூக்காத இளங்கிளையை நாலு அங்குலத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை உருவி மணலில் நடுங்கள். வெட்டும்போது இலையே இல்லாத பழைய கட்டையில் வெட்டாதீர்கள், அங்கிருந்து துளிர்க்காது.

வெட்டிப்போட்ட குச்சிகளை என்ன செய்வது? சாம்பிராணிக்குப் பதில் புகை போடலாமா?

தாராளமாகப் போடலாம். பிரெஞ்சுக்காரர்களிடம் இதற்கு "தூபச்செடி" என்று பொருள்படும் பழைய பெயரே உண்டு. மருத்துவமனைகளில் ஜூனிப்பர் என்ற மணமுள்ள ஊசியிலைச் செடியின் காய்களோடு சேர்த்துக் கொளுத்தி அறைக்குப் புகை காட்டினார்கள். குச்சிகளை நிழலில் இரண்டு வாரம் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்துவிடும். கரி நன்றாகச் சிவந்து, அதன்மேல் சாம்பல் படிந்த பிறகு ஒரு கிள்ளு இலையைத் தூவுங்கள். முதலில் பொரியும், பிறகு புகை வரும். சன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் புகை வேண்டாம், காய்ந்த குச்சிகளைத் துணிப்பையில் கட்டிப் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வையுங்கள்.